ரத்தம் கொடுப்பவருக்கு 90 நாள் ஓய்வு. ஆள் தேடித் தருபவருக்கு?

வணக்கம். ரத்தக் கொடைக்கு ஆள் திரட்டித் தரும் தன்னார்வலர்கள் ஏன் ஒவ்வொருவராக ஒதுங்கிவிடுகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கோவை மருத்துவமனைகளுக்கு நீலகிரி, திருப்பூர், ஈரோடு மட்டுமல்லாமல் பாலக்காட்டிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். நகரில் தெரிந்தவர் யாருமின்றி நிற்கும் அந்தக் குடும்பங்களுக்குக் கடைசியில் கிடைப்பது ஒரு தன்னார்வலரின் கைபேசி எண்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு பரவினால், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கான (பிளேட்லெட்) அழைப்புகள் பெருகும். அவற்றை 5 நாட்களுக்கு மேல் வைத்திருக்க இயலாது என்பதால், முன்கூட்டியே சேர்த்து வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் வழியில்லை.

ரத்தம் கொடுத்த ஆண் 90 நாட்களும் பெண் 120 நாட்களும் கழித்தே மறுபடி கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆள் தேடித் தருபவருக்கு அப்படியொரு இடைவெளியை எவரும் விதிக்கவில்லை. பனியன் கம்பெனியில் பகல் முழுவதும் உழைத்துவிட்டு வந்தவர், நள்ளிரவில் "தம்பி, எப்படியாச்சும் ஒரு ஆளை அனுப்பி வையுங்க சாமி" என்ற அழுகுரலைக் கேட்ட பிறகு எப்படித் தூங்குவார்?

இதில் பெரிய கொடுமை, தேதியில்லாத வாட்ஸ்அப் செய்தி. நோயாளியின் பெயர், வார்டு, ரத்த வகை, 'மிக அவசரம்' எல்லாம் இருக்கும். நாள் மட்டும் இருக்காது. நோயாளி வீடு திரும்பிய பின்னும், சில வேளை இறந்த பின்னும்கூட, அது குழு குழுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

1974-இல், பிறருக்காக உழைத்து உழைத்து ஓய்ந்துபோகும் இந்தச் சோர்வை (burnout) பற்றி எழுதிய உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர், நியூயார்க்கில் தாமே ஊதியமின்றி உழைத்த இலவச மருத்துவ மையத்தில் கண்டதைத்தான் எழுதினார். உணர்வு வற்றுதல், எதிரில் இருப்பவரிடம் ஈரம் குறைதல், தன்னால் பயனில்லை என்ற எண்ணம் என மூன்று கூறுகளைப் பின்னர் உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் வகுத்தார். இரண்டாவதைத்தான் நம்மவர்கள் திமிர் என்று தவறாக எண்ணுகிறார்கள். "சொந்தக்காரர்கள் இத்தனை பேர் நிற்கிறீர்களே, ஒருவருக்குமா மனம் வரவில்லை?" என்று தன்னார்வலர் கேட்பது நியாயமான கேள்விதான், ஆனால் இரக்கத்துக்கு முன்பே அந்த எரிச்சல் வந்துவிடுகிறதென்றால், அவர் ஓய்ந்துவிட்டார் என்றே பொருள்.

யோகா செய்யுங்கள் என்கிறார்கள். செய்யலாம், ஆனால் எல்லா அழைப்பும் ஒரே எண்ணுக்கு வரும் வரையில் ஒன்றும் மாறாது. எங்கள் குழுவில் பொதுவாக ஒரு சிம் கார்டு வாங்கி, வாரம் ஒருவரிடம் ஒப்படைக்கிறோம். தேதி இல்லாத செய்தியைப் பகிர்வதில்லை; ஆள் கிடைத்தவுடன் அதன் கீழேயே 'தேவை முடிந்தது' என்று பதிவிடுகிறோம். சில மாதங்கள் விலகியிருக்க விரும்புபவரிடம் காரணமும் கேட்பதில்லை.