‘நம்மால் முடியுமா’ என்ற கேள்விக்குள் என்ன இருக்கிறது?

எல்லோருக்கும் வணக்கம்.

வேலை மாறப் போகிறேன் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "தன்னம்பிக்கையோடு இரு, எல்லாம் சரியாகிவிடும்" என்று நாலு பேர் சொல்லிவிடுவார்கள். சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். கேட்கிறவருக்குத்தான் சுமை கூடுகிறது. புது வேலை பிடிபடவில்லையே என்ற கவலை ஏற்கனவே இருக்கிறது, இப்போது தன்னம்பிக்கையும் இல்லையே என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. அதனால் தன்னம்பிக்கையை வளர்ப்பது எப்படி என்று நான் இன்று பேசப் போவதில்லை. மனதில் எழும் சந்தேகத்தை உட்காரவைத்து விசாரிப்பது எப்படி என்றுதான் பேச வந்திருக்கிறேன்.

இதற்குக் கைகொடுப்பது உணர்வுசார் நுண்ணறிவு, ஆங்கிலத்தில் எமோஷனல் இன்டெலிஜென்ஸ். அந்தச் சொல்லை அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் அடித்துத் துவைத்துவிட்டார்கள். கோபப்படாமல் இருப்பது, எப்போதும் சிரித்த முகமாக இருப்பது என்ற அளவுக்கு அது சுருங்கிப்போய்விட்டது. 1990-இல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதியபோது சொன்னது வேறு. உணர்வும் ஒரு தகவல்தான், அதைச் சரியாகப் படித்து, அதை வைத்து யோசிப்பதற்கு ஒரு திறமை வேண்டும் என்றார்கள். சிரித்த முகத்துக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

சரி, ஓர் உதாரணம். பல வருடம் கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம், மீட்டிங். யாரோ மூன்று எழுத்துச் சுருக்கம் ஒன்றைச் சொல்கிறார்கள். எல்லோரும் தலையாட்டுகிறார்கள், இவரும் ஆட்டுகிறார். மேசைக்குக் கீழே போனை எடுத்து அதற்கு என்ன அர்த்தம் என்று தேடுகிறார். அதற்கு ஐந்து விதமான விரிவுகள் வருகின்றன, எது இந்த இடத்துக்கானது என்று புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பேச்சு எங்கேயோ போய்விட்டது. அன்றிரவு படுக்கையில் அவர் மனதில் ஓடுவது, "நான் இங்கே வந்திருக்கவே கூடாது." பகலில் ஒரு சுருக்கம் புரியாமல் போனது, ராத்திரிக்குள் வாழ்க்கையையே தப்பாக முடிவு செய்துவிட்டோம் என்பதாக வளர்ந்து நிற்கிறது.

இதைத்தான் அவர் "எனக்கு என் மேலேயே சந்தேகம்" என்கிறார். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பேர் ஒண்டிக் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கிறது. தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடுமோ என்ற வெட்கம் இருக்கிறது. இந்த இரண்டையும் கொஞ்சம் யோசித்தால் அவரே கண்டுபிடித்துவிடுவார். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அது லேசில் கண்ணில் படாது. பழைய இடத்தில் வரவு செலவுத் தாளை ஒரு பார்வை பார்த்தாலே எந்த வரியில் தப்பு என்று சொல்லிவிடுவார். சின்னவர்கள் அவர் மேசைக்கு வந்து நின்று, "சார், இது மட்டும் கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். இப்போது அவர் மேசைக்கு யாரும் வருவதில்லை. அவர்தான் அவரைவிடப் பத்து வயது இளையவரின் மேசைக்குப் போய் நிற்கிறார். அது இழப்பு. வேலையை விட்டு வந்தது அவரே எடுத்த முடிவு என்பதால், அதற்காக வருந்த உரிமை இல்லை என்று நினைக்கிறார். வருத்தத்தை வருத்தமாகப் பட முடியாதபோது அது திறமையின் மீதான சந்தேகமாக வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது.

பிரித்துப் பார்ப்பதால் என்ன லாபம் என்று கேட்கலாம். பயத்துக்குத் தகவல் வேண்டும். தகுதிகாண் காலம் எவ்வளவு, எதை வைத்து மதிப்பிடுவார்கள் என்று மேலாளரிடம் கேட்டுவிட்டால் பாதி பயம் கரைந்துவிடும். வெட்கத்துக்கு, அந்த மீட்டிங்கிலேயே "இந்தச் சுருக்கத்துக்கு என்ன விரிவு?" என்று வாய்விட்டுக் கேட்பதுதான் மருந்து. இன்னும் இரண்டு பேராவது மனதுக்குள் நிம்மதிப் பெருமூச்சு விட்டாலும் ஆச்சரியமில்லை. இழப்புக்குத் தகவலும் உதவாது, தைரியமும் உதவாது. அதற்குக் கொஞ்ச காலம் வேண்டும், பழைய சகா யாரிடமாவது மனம் விட்டுப் பேச வேண்டும்.

உணர்வுக்குப் பெயர் வைப்பதற்கே கொஞ்சம் பலன் உண்டு. உளவியலாளர் மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பயமும் கோபமும் காட்டும் முகப்படங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்வுக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் பயம் போன்ற உணர்வுகளில் பங்கெடுக்கும் அமிக்டலா என்ற பகுதியின் கொந்தளிப்பு குறைந்ததைக் கண்டார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் தணிகிறது, அவ்வளவுதான்.

அப்புறம், இப்போதெல்லாம் எல்லோரும் தனக்கு "இம்போஸ்டர் சிண்ட்ரோம்", அதாவது தகுதியில்லாமல் மற்றவர்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணம், என்று சொல்லிக்கொள்கிறார்கள். 1978-இல் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் இதை விவரித்தது, சாதித்துக் காட்டிய பிறகும் அதைத் தன் திறமை என்று ஏற்க முடியாத பெண்களைப் பார்த்து. துறை மாறியவரின் நிலை அது இல்லை. புது வேலை அவருக்கு உண்மையிலேயே இன்னும் தெரியாது! சந்தேகத்தில் ஒரு பங்கு நியாயமானது, அதை நோய் என்று ஒதுக்கினால் கற்றுக்கொள்ள வேண்டியதும் சேர்ந்து ஒதுங்கிவிடும். "இது எனக்கு இன்னும் வரவில்லை" என்பது நிலவரம். "எனக்கு எதுவுமே வராது" என்பது தீர்ப்பு. படுக்கையில் ஓடும் வாக்கியம் இதில் எது என்று பார்த்தால் போதும்.

நிலவரம் மாறுவதற்கு மற்றவர்களின் பாராட்டைவிடச் செய்து முடித்த காரியம்தான் கைகொடுக்கும். தன்னால் முடியும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, 1977-இல் எழுதிய கட்டுரையில், சொந்தமாகச் செய்து வென்ற அனுபவத்தைத்தான் முதன்மையாக வைத்தார். ஊக்க வார்த்தைகளின் பலம் அதற்குப் பின்னால்தான். அதனால் அந்தக் கணக்காளர் முதல் மாதத்திலேயே எல்லாவற்றையும் பிடித்துவிடப் பார்ப்பதைவிட, சின்னதாக ஒரு வேலையை எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை யார் துணையும் இல்லாமல் முடிப்பது நல்லது.

சந்தேகமே சரியாக இருந்து, மாறியதுதான் தப்பு என்றால்? அப்படியும் நடக்கும். அதைத் திட்டு வாங்கிய நாளில் எடை போடாதீர்கள், அன்று வெட்கம் குறுக்கே நிற்கும். வேலை நன்றாகப் போன ஒரு நாளின் மாலையில் கேட்டுப் பாருங்கள். எல்லாம் சரியாக நடந்த அன்றும் மனம் அதில் ஒட்டவில்லை என்றால், அது திறமையைப் பற்றிய சேதி இல்லை, விருப்பத்தைப் பற்றியது. அப்போது பழைய வேலைக்கே திரும்பிப் போகலாம், வேறு வழியும் தேடலாம்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. கேள்வி இருந்தால் கேளுங்கள், பேசலாம்.