மகளின் வீடு, அம்மாவின் வருடங்கள்

[காட்சி: களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஓர் உள்வீதி. பூச்சுப் பூசாத கல் வீடு.]

வணக்கம். மட்டக்களப்பில் பெண்பிள்ளை பிறந்த வீட்டில் அன்றைக்கே ஒரு கணக்கு தொடங்கிவிடும். இங்கே கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் மகளுக்கென்று ஒரு வீடு வேண்டும். மீன்பிடியிலும் வயல் கூலியிலும் அந்த வீடு எழும்பாவிட்டால், பல குடும்பங்களில் அம்மா பாஸ்போர்ட் எடுக்கிறார். சவூதி, குவைத், கட்டார். வீட்டு வேலை.

[காட்சி: வாவி, கல்லடிப் பாலம்.]

1891-ல் வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி ஒரு கேள்வி கேட்டார். கோடிக்கணக்கானோர் என்றென்றும் சந்தோஷமாக வாழலாம். அதற்காக எங்கோ ஒரு மூலையில் ஓர் உயிர் தனியாக வதைபட வேண்டும். சம்மதமா? கூட்டிக் கழித்துப் பார்த்தால் லாபம்தான். ஆனால் தெரிந்தே அந்தப் பேரத்துக்கு உடன்பட்டால் அப்படி வரும் சந்தோஷமே அருவருப்பாகிவிடும் என்றார் ஜேம்ஸ்.

அவர் சொன்ன உயிர் முகம் தெரியாதது. நமக்கோ முகமும் தெரியும், குரலும் தெரியும்.

[காட்சி: சீனி டின்னில் சாய்த்து வைத்த போன்.]

ஒரு வீட்டில் நான் பார்த்தது இது. வீடியோவில் அம்மா கழுத்துக்கு மேல் மட்டும் தெரிகிறார். "சாப்பிட்டயா மகள்? நான் சுகமாத்தான் இருக்கன்." பிள்ளை கேட்கிறாள்: "கையில என்னம்மா கட்டு?" கை சட்டென்று கீழே போகிறது. "மேடம் வாறா, வைக்கிறன்."

அவர் விரும்பித்தானே போனார் என்று சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் சம்மதித்தது வேலைக்கு. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பதற்கும், ஓய்வு நாள் இல்லாததற்கும் யார் சம்மதம் கேட்டார்கள்? வளைகுடா நாடுகளில் பரவலாக இருந்துவரும் கஃபாலா முறையில் விசாவே முதலாளியின் கையில். அவர் விடாமல் வேலை மாறுவது பெரும்பாடு. அப்புறம் நாம் அதற்குத் 'தியாகம்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். அந்தப் பெயரை வைத்தபின் யாரும் எதையும் கேட்பதில்லை.

இது ஒரு குடும்பத்தோடு முடிகிற விஷயமில்லை. வெளிநாட்டில் உழைப்பவர்கள் 2020-ல் இலங்கைக்கு அனுப்பிய பணம் 700 கோடி டொலருக்கு மேல். 2022-ல் அது 380 கோடி அளவுக்கு விழுந்தது. டொலர் தட்டுப்பாடு முற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். சமையல் கேஸ் வரிசையில் நின்ற யாருக்கும் அந்த வருடம் மறக்காது. அந்த டொலரில் இந்த அம்மாக்களின் உழைப்பும் இருக்கிறது.

சரி, போகவே விடக்கூடாதா? 2013-ல் சிறு பிள்ளைகள் உள்ள தாய்மாருக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. தடை போட்டால் கடன் தீருமா? வீடுதான் எழும்புமா? போகட்டும். ஆனால் பாஸ்போர்ட் அவர் கையில் இருக்க வேண்டும், வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு வேண்டும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011-ல் கொண்டுவந்த 189-ஆம் சமவாயம் இந்த இரண்டையும் உரிமை என்றே சொல்கிறது. ஏஜென்சிக்காரரிடம் சம்பளத்தைக் கேட்கிற வாயால் இதையும் கேட்கலாம்.

[காட்சி: அதே வீடு. இப்போது டைல்ஸ் போட்டாயிற்று.]

அதே அம்மாவின் இரண்டு வருட ஒப்பந்தம் முடிகிற மாதம். போனில் அவரின் கணவர் சொல்கிறார்: "இன்னும் ஒரு வருஷம் நிண்டா மதிலும் கட்டிரலாம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி" என்கிறார்.