வாதரத்தமும் நம் இரவுச் சாப்பாடும்

நேயர்களுக்கு வணக்கம். இன்று கௌட் என்னும் மூட்டு நோயைப் பற்றிப் பார்ப்போம். நள்ளிரவில் கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை நுனி பட்டாலும் உயிர் போவதுபோல் வலித்தது என்று என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, பருப்பை நிறுத்திவிடலாமா என்பதுதான். நிறுத்த வேண்டியதில்லை. பருப்பிலும் கீரையிலும், கௌட்டுக்குக் காரணமான யூரிக் அமிலமாக உடலில் மாறும் பியூரின் இருப்பது உண்மையே என்றாலும், அவற்றைச் சாப்பிடுவோருக்குக் கௌட் கூடுதலாக வருவதாக நீண்டகால ஆய்வுகள் காட்டவில்லை. ஈரல், குடல், நெத்திலி, மத்தி, பீர் ஆகியவற்றின்மீதுதான் கண் இருக்க வேண்டும்.

இவற்றோடு இனிப்புப் பானங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் நெத்திலிச் சம்பலோடு நாசி லெமாக் உண்பவர் அதனுடன் குடிக்கும், ரோஜா சிரப்பும் பாலும் கலந்த சிரப் பண்டுங்கைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், சீனியில் பாதியாக உள்ள பிரக்டோஸ் கல்லீரலில் சிதையும்போதே யூரிக் அமிலம் உண்டாகிறது. இரத்தத்தில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 400 மைக்ரோமோலைத் தாண்டினால் கரைந்திருக்க இயலாமல் ஊசிப் படிகமாகக்கூடும். உடலின் மற்ற இடங்களைவிடக் குளிர்ந்திருக்கும் பெருவிரல் அதற்கு வாகான இடம். கௌட் வந்தவர்கள் 360க்குக் கீழே வைத்திருக்க வேண்டும். யூரிக் அமிலத்தில் பெரும்பங்கு உடலிலேயே உருவாவதால் பத்தியம் ஓரளவே குறைக்கும். ஆகவே, யூரிக் அமிலத்தைக் குறைக்க மருத்துவர் கொடுத்த அல்லோபியூரினால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஆயுர்வேதம் இந்நோயை வாதரத்தம் என்கிறது. உலர்ந்த மீன், மது, பகல் தூக்கம், இரவு விழிப்பு ஆகியவற்றைச் சரக சம்ஹிதை காரணங்களாக அடுக்குவதைப் படிக்கும்போது, நள்ளிரவு தாண்டியும் மாமாக் கடையில் அமர்ந்திருக்கும் நம் இளைஞர்களே என் நினைவுக்கு வருகிறார்கள். அந்தப் பட்டியலில் மோரும் உண்டு. இன்றைய ஆய்வுகளோ கொழுப்பு நீக்கிய பால்பொருள்கள் நன்மை தருவதாகச் சொல்வதால், புளிக்காத மோரை நான் தடுப்பதில்லை.

சீந்தில் கொடி வாதரத்தத்துக்குரிய மூலிகையாகப் போற்றப்படுகிறது. எனினும், அதை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவப் பதிவுகள் இருப்பதால், தகுதியுள்ள வைத்தியரின் மேற்பார்வை இல்லாமல் எடுக்க வேண்டாம். முத்திரையில்லாப் பொட்டல மருந்துகளைப் பற்றித்தான் எனக்குப் பெருங்கவலை. சிலவற்றில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஈயமோ சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதைத் தடுத்துக் கௌட்டையே வரவழைக்கும். ஒரே நாளில் வலியைப் போக்கும் மூட்டுவலி மாத்திரைகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருந்தது நம் மலேசியாவிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வாங்குமுன் உறையில் எம்.ஏ.எல். (MAL) எனத் தொடங்கி டி (T) எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால், உறையோடு மருத்துவரிடம் சென்று சிறுநீரகப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.