ஆற்றுக்கு அடியில் போகும் குடிநீர்க் குழாய்

வணக்கம் நேயர்களே. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகருக்கு வருவது உங்களுக்குத் தெரியும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து கிழக்கே உள்ள எழுவான்கரைக்கு எது வந்தாலும் அந்த வாவியைத் தாண்டித்தான் வரவேண்டும். அம்பாறைப் பக்கம் போனால் பட்டிப்பளையாறு குறுக்கே கிடக்கிறது. பாலம் இருந்தால் அதன் ஓரமாகக் குழாயைக் கொண்டுபோகலாம். இல்லாத இடத்தில் ஆற்றுக்கு அடியில்தான் புதைக்கவேண்டும். அந்தப் புதைகுழாயைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

குழாய் உடைந்தால், மாரி வெள்ளம் அடித்து முறித்துவிட்டது என்று சொல்வார்கள். ஆனால் மண் மூடியிருக்கும்வரை வெள்ளம் குழாயைத் தொடுவதே இல்லை. மேலே மூடியிருந்த மணல்தான் முதலில் போகிறது. குழாய்க்கு வரும் கேடு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

கோடையில் ஆறு வற்றிக் கிடக்கும்போது மணலுக்குக் கீழே ஒன்றரை மீற்றரில் குழாயைப் பதிக்கிறோம் என்று வையுங்கள். மார்கழியில் வெள்ளம் வருகிறது. நீர் ஏற ஏற ஆற்றடி மணலும் சேர்ந்து ஓடத் தொடங்கும். உச்ச வெள்ளத்தில் அந்த ஒன்றரை மீற்றர் மணல் அங்கே இல்லாமலே போகலாம். வெள்ளம் வடியும்போது மேலேயிருந்து வந்த புதுமணல் அதே இடத்தில் படிந்துவிடும். மாசியில் போய்ப் பார்த்தால் ஆறு பழையபடி இருக்கும். “மண் அப்படியேதானே கிடக்கு” என்று திரும்பி வந்துவிடுவோம். அப்படியே கிடக்கவில்லை, நேயர்களே. போய்த் திரும்பி வந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. கோடையில் ஆற்று மணலுக்குள் ஓர் இரும்புச் சங்கிலியைச் செங்குத்தாக இறக்கிப் புதைத்து, இடத்தைக் கரையிலிருந்து அளந்து குறித்துவைக்கவேண்டும். வெள்ளம் எந்த ஆழம்வரை மணலை அள்ளுகிறதோ, அந்த ஆழம்வரை சங்கிலி அவிழ்ந்து ஓட்டத்தோடு படுத்துவிடும். அதற்கு மேல் புதுமணல் மூடும். அடுத்த கோடையில் தோண்டுங்கள். சங்கிலி மடிந்திருக்கும் இடம்தான் வெள்ளம் தொட்ட அடி. குழாயின் முதுகு அதற்கும் கீழே இருக்கவேண்டும். ஒரு வருடத்துச் சங்கிலி அந்த வருடத்து வெள்ளத்தை மட்டும்தான் சொல்லும். 2011 ஜனவரியில் வந்ததுபோன்ற வெள்ளத்துக்குத் துளையிட்டு மண் பார்த்து, கணக்கும் போடவேண்டும்.

இதோடு மணல் அகழ்வும் சேர்ந்தால் கதை மோசம். குழாய்க்கு மேலேயே அள்ளினால்தான் ஆபத்து என்றில்லை. கீழ்ப்பக்கம் பெக்கோ இயந்திரம் வைத்துக் குழி தோண்டினால், குழியின் மேல்விளிம்பு இடிந்து இடிந்து ஆற்றின் மேற்பக்கமாக ஏறிவரும். அந்த மணல் லேசில் திரும்பி வராது.

குழாய் வெளியே தெரிந்துவிட்டால் நீர் அதன் அடியாலும் ஓடும். குழாய் அதிரும். அடித்துவரும் மரமும் ஆற்றுவாழைச் செடியும் அதில் சிக்கும். அவ்வளவு இழுவையும் கரையோர மூட்டில் போய் விழும்.

ஆகவே குழாய் போகும் இடத்தைப் பார்த்துத் தெரிவுசெய்யவேண்டும். வளைவின் வெளிக்கரை வேண்டாம், அது அரிக்கும். பாலத் தூணுக்கோ அணைக்கட்டுக்கோ சற்றுக் கீழே வேண்டாம், அங்கே நீர் குழி பறிக்கும். கரையை நெருங்கியதும் குழாயை மேலே எடுக்கவும் கூடாது. ஆறு கரையைத் தின்று அகலும். அதே ஆழத்தில் கரைக்குள் நன்றாக உள்ளே போன பிறகே ஏற்றவேண்டும்.

அடுத்தது மிதப்பு. மூடிய வெறும் போத்தலை வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள், கையைத் தள்ளும். 315 மில்லிமீற்றர் விட்டமும் ஏறத்தாழ 29 மில்லிமீற்றர் சுவரும் உள்ள பொலித்தீன் குழாய் காலியாக இருந்தால் மீற்றருக்கு ஏறத்தாழ 53 கிலோ மேலே தள்ளும். நீர் நிரம்பினாலும் அந்தக் குழாய் தானாகத் தாழாது. அதனால் கொங்கிரீட் எடை கட்டுகிறோம். இங்கேதான் கணக்குப் பிழைக்கும்: கரையில் 100 கிலோ நிறுக்கும் கொங்கிரீட் நீருக்குள் 60 கிலோவுக்கும் குறைவாகத்தான் அமுக்கும். ஆகவே மீற்றருக்கு 90 கிலோவுக்கு மேல் வேண்டும். வெள்ளத்தில் மணல் இளகிக் குழம்பானால் தள்ளல் இன்னும் கூடும், அதற்கும் சேர்த்துக் கட்டவேண்டும். எடைக்கும் குழாய்க்கும் நடுவே றப்பர் தகடு வையுங்கள், இல்லாவிட்டால் கொங்கிரீட் விளிம்பு குழாயைக் கீறும். வாவிப் பக்கம் உப்பு நீர். எடையைப் பூட்டும் சாதாரண இரும்பு ஆணி அங்கே நிலைக்காது.

மூட்டுகளைக் கரையில் உருக்கி ஒட்டி, அழுத்தச் சோதனையும் கரையிலேயே முடித்துவிடவேண்டும். பிறகு இரு முனையையும் அடைத்து, காலிக் குழாய் மிதக்கும் அளவுக்கு மட்டும் எடை கட்டி மிதக்கவிட்டு இழுத்து, ஒரு முனையில் மெதுவாக நீர் விட்டு, மறுமுனையில் காற்றைத் திறந்து தாழ்த்தவேண்டும். மீதி எடையைத் தாழ்ந்த பிறகு சேர்க்கவேண்டும். அவசரப்பட்டால் குழாய் மடிந்துவிடும்.

நேரம் நெருங்கிவிட்டதென்று சைகை காட்டுகிறார்கள். பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆற்றுக்குள் கசிந்தால் கரையில் ஈரம் தெரியாது. இரு கரையிலும் வால்வும் நீர் அளக்கும் மீற்றரும் வைத்து, இரவில் அளவுகளை ஒப்பிடவேண்டும். குழாயில் அழுத்தம் இறங்கினால் அதே ஓட்டை வழியாக ஆற்று நீர் உள்ளே வரும். பழுது பார்த்த பிறகு லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கலந்த நீரை 24 மணி நேரம் உள்ளே நிறுத்தி, பிறகு கழுவி வெளியேற்றவேண்டும். திருத்த வேலைக்குப் பின் வீட்டுக் குழாயில் குளோரின் வாசம் பலமாக அடித்தால், வாசம் குறையும்வரை அந்தத் தண்ணீரைத் திறந்து ஓடவிடுங்கள், குடத்தில் பிடிக்காதீர்கள். வணக்கம்.