மனதில் எழுதி வைத்த பேச்சு

(மலேசியாவின் பட்டர்வொர்த்தில், கிறிஸ்துமஸுக்கு முன்பு நடந்த பெண்கள் கூட்டம் ஒன்றில் பேசியது)

ஆண்டவருடைய நாமத்தில் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

போன சனிக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து அச்சு முறுக்கு சுட்டேன். அம்மாவுக்கு 81 வயது. மாவு கரைக்கிற வேலையை இன்னும் யாரிடமும் விடமாட்டார். அச்சை எண்ணெயில் காயவைத்து, முக்கால் பாகம் மட்டும் மாவில் முக்கி, திரும்ப எண்ணெயில் இறக்கி லேசாக உதற வேண்டும். முழுக்க முக்கினால் முறுக்கு அச்சை விட்டு வராது. சுட்டு ஆறியதும் அம்மா முதலில் நிரப்புவது ஒரு பழைய மைலோ டின்னை. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி அலமாரியின் மேல்தட்டில் வைப்பார். அது என் தம்பிக்கு. அவன் வீட்டுப் படி மிதித்து ஒன்பது வருடம் ஆகிறது. ஜனவரி கடைசியில் டின்னைத் திறந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கழுவிக் காயவைப்பார். அடுத்த வருடமும் அதே டின்தான்.

சண்டை எதற்கு? அப்பா விட்டுப்போன வீட்டுக்குத்தான். இங்கே பல பேருக்கு விவரம் சொல்லவே வேண்டாம். அப்பாவை அடக்கம் பண்ணி ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில் அவன் பேசிய பேச்சு தப்பு; அதை இன்றைக்கும் தப்பு என்றுதான் சொல்வேன். ஆனால் நான் பேச வந்தது அவனைப் பற்றி அல்ல.

ஒன்பது வருடமாக என் மனதில் ஒரு பேச்சை எழுதி வைத்திருந்தேன். என்றைக்காவது அவன் வாசலில் வந்து நிற்பான். உள்ளே கூப்பிடுவேன், தண்ணீர் கொடுப்பேன், அப்புறம் ஆரம்பிப்பேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ எங்கே போனாய்? கடனை யார் கட்டினது தெரியுமா? பாத்திரம் கழுவும்போது ஒரு வரி சேரும். பாலத்தில் ஜாமில் நிற்கும்போது இன்னொரு வரி சேரும். இதற்குப் பெயர் காத்திருப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பிக்காக ஜெபமும் பண்ணினேன், பேச்சையும் கூர் தீட்டினேன்.

லூக்கா 15ஆம் அதிகாரத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். தகப்பன் சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பன்றி மேய்க்கும் நிலைக்கு வந்து, வீடு திரும்பும் இளைய மகனின் கதை. அந்தக் கதையிலும் ஒருவன் பேச்சு எழுதுகிறான். பன்றி மேய்த்த இடத்தில் மகன் தயார் பண்ணியது மூன்று வரி. நான் பாவம் செய்தேன். உம்முடைய மகன் என்று சொல்ல நான் பாத்திரனல்ல. கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். 18, 19 வசனங்களில் இருக்கிறது. இப்போது 21ஆம் வசனத்தைப் பாருங்கள். ஊர் வந்து சேர்ந்து அதைச் சொல்கிறான். முதல் வரி இருக்கிறது, இரண்டாவது இருக்கிறது, மூன்றாவது இல்லை. தகப்பன் அதைச் சொல்ல விடவில்லை என்றுதான் நான் வாசிக்கிறேன்.

சரி, தகப்பன் என்ன பேசினார்? வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று எல்லாம் வேலைக்காரர்களிடம் சொல்கிறார். திரும்பி வந்த மகனைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை சொன்னதாகக்கூட லூக்கா எழுதவில்லை. அத்தனை நாள் காத்திருந்த மனிதர் கையில் ஒரு பேச்சும் இல்லை. இந்த வசனங்களை எத்தனை முறை வாசித்திருப்பேன்! போன வருடம்தான் இது என் கண்ணில் பட்டது. அன்று இரவு நான் தூங்கவில்லை.

'அவன் தூரத்தில் வரும்போதே' என்கிறது வேதம். நம் படகுத்துறையில் நின்றால் பினாங்குத் தீவிலிருந்து பெர்ரி கிளம்புவது தெரியும். யார் வருகிறார்கள் என்று முகம் தெரியாது. அந்தத் தூரத்திலேயே தகப்பன் மனதுருகிவிட்டார். மகன் மன்னிப்புக் கேட்டானா, உண்மையாகவே திருந்தினானா என்று அவர் விசாரிக்கவில்லை.

ஆதியாகமத்தில் வரும் ஏசாவும் இப்படித்தான். தம்பி யாக்கோபு தன் பங்கை ஏமாற்றி வாங்கிவிட்டான் என்று கோபத்தில் இருந்த அண்ணன். சொத்துச் சண்டைதான் அங்கேயும். 20 வருடம் கழித்து யாக்கோபு பயந்துபோய் 550க்கும் மேல் ஆடுமாடு, ஒட்டகம், கழுதை என்று முன்னால் அனுப்புகிறான். ஏசாவோ ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான். ஆனால் அதற்குப் பிறகு இருவரும் ஒரே வீட்டில் இருக்கவில்லை. ஏசா சேயீருக்குப் போனான், யாக்கோபு தன் வழியில் போனான். அப்பா ஈசாக்கு இறந்தபோது இருவரும் சேர்ந்து அடக்கம் பண்ணினார்கள். இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடிக்கிற கணவனை மன்னித்த பெண் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போய் அடி வாங்க வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அது வேதம் அல்ல. மன்னிக்கலாம், தூரத்திலும் இருக்கலாம்.

தம்பி நிச்சயம் வருவான் என்று எனக்கு வாக்குத்தத்தம் எதுவும் இல்லை. 130ஆம் சங்கீதத்தில் விடியலுக்காகக் காத்திருக்கும் ஜாமக்காரன், அதாவது இரவுக் காவல்காரன் ஒருவன் வருகிறான். சூரியனை அவனால் இழுத்துக்கொண்டு வர முடியாது, விழித்திருக்கத்தான் முடியும். அதே சங்கீதத்தில் 'உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு' என்பது 4ஆம் வசனம். காத்திருப்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. நான் ஒன்பது வருடம் இதைத் தலைகீழாகச் செய்தேன். அவன் வரட்டும், அப்புறம் மன்னிக்கலாம் என்று இருந்தேன்.

சனிக்கிழமை டேப் ஒட்டி முடித்ததும் போனை எடுத்தேன். நீளமாக ஏதோ எழுத விரல் போனது. அழித்துவிட்டு, 'அம்மா முறுக்கு சுட்டிருக்கிறார், உனக்கும் எடுத்து வைத்திருக்கிறார்' என்று மட்டும் தம்பிக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை. இந்த முறை டின்னை அலமாரியில் ஏற்ற வேண்டாம், மேசைமேலேயே இருக்கட்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.