பாலைவனத்தில் மார்கழி

வேலூர் வட்டார நேயர்களுக்கு வணக்கம். நான் துபாயில் ஏசி மெக்கானிக்காக வேலை பார்த்தவன். ஊருக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து எல்லாரும் கேட்பது ஒன்றுதான். "அந்த வெயில்ல எப்படிப்பா இருந்த?" கேட்கிறவர் யார்? கத்திரியில் 42, 43 டிகிரியைத் தலையில் வாங்கிக்கொண்டு கோட்டை எதிரே பஸ்ஸுக்கு நிற்கிற வேலூர்க்காரர்! வெயிலைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அங்கே அடிக்கிற குளிரைப் பற்றித்தான் ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்காததால் நானே சொல்ல வந்திருக்கிறேன்.

ஜனவரி மாதம் துபாயில் பகலில் 24 டிகிரி, விடியற்காலையில் 14, 15. அதே ஜனவரியில் நம் வேலூரில் பகல் 29, 30, ராத்திரி 18ஐ ஒட்டி இருக்கும். ரேடியோவில் எண்கள் காதில் நிற்காது, அதனால் இன்னொரு தரம் சொல்கிறேன்: மார்கழி, தை மாதங்களில் அந்தப் பாலைவன நகரம் நம் ஊரைவிடக் குளிர்ச்சி. இத்தனைக்கும் துபாய் கடற்கரை ஊர். உள்ளே அல் அய்ன் பக்கம் மணல்வெளிக்குப் போனால் ராத்திரியில் பத்துக்கும் கீழே இறங்கும். அதே நாட்டின் வடக்கே இருக்கிற ஜெபல் ஜைஸ் மலை உச்சிப் பக்கம் சில வருஷம் பூஜ்யத்துக்குக் கீழேயே போயிருக்கிறது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. வேலூர் நிலநடுக்கோட்டிலிருந்து 13 பாகை வடக்கே, துபாய் 25 பாகை வடக்கே. மார்கழி உச்சி வேளையில்கூட அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 41 பாகைதான் ஏறும். நமக்கு 53 பாகை தாண்டி ஏறும். அப்புறம் ராத்திரி. காற்றில் இருக்கிற ஈரமும் மேகமும்தான் பூமிக்குப் போர்வை. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு அந்தப் போர்வை உண்டு. பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்த பிறகுதான் நம் ஊரில் பனி கொட்டுகிறது, கவனித்திருப்பீர்கள். மணல்வெளியில் போர்வையே கிடையாது. பகலில் வாங்கின சூட்டைப் பொழுது சாய்ந்ததும் வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும்.

குடியாத்தத்துப் பையன் ஒருத்தன் டிசம்பரில் வந்து இறங்கினான். வந்ததுமே, அப்போது நாங்கள் தங்கியிருந்த அல் அய்ன் பக்கத்து சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாலைவனம் என்றதும் அவனுடைய அம்மா பெட்டியில் என்ன வைத்திருக்கிறார்? நாலு குடியாத்தம் கைத்தறி லுங்கி, தலையில் கட்டிக்கொள்ளத் துண்டு, மாங்காய் ஊறுகாய். போர்வை என்று ஒரு நூல்கூட இல்லை. முதல் ராத்திரி நாலு லுங்கியையும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு, துண்டைக் காதோடு கட்டிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்தே இருந்தான். "இன்னாண்ணே இது, பாலைவனம்னு சொல்லி ஊட்டிக்கு இட்டாந்துட்டீங்க?" என்றான். எங்கள் அறையில் சமையல் பார்த்த பேர்ணாம்பட்டு பாய் சிரித்துச் சிரித்துக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

மறுநாள் ஊருக்குப் போன் போட்டு "அம்மா, ஒரு கம்பளி கொடுத்தனுப்பு" என்கிறான். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பிறகு, "போனை உங்கண்ணன் கையில குடு" என்று குரல். நான் வாங்கினேன். "தம்பி, பையனுக்கு இன்னா ஆச்சு? வெயில் மண்டையில ஏறிடுச்சா? கம்பளி கேக்குறான்?" "இல்லக்கா, நெஜமாவே குளிருதுக்கா." "ஜுரமா?" "ஜுரம் இல்லக்கா, குளிரு!" கடைசி வரைக்கும் அவர் நம்பவில்லை. ஆனால் ஆம்பூரிலிருந்து வந்தவர் பெட்டியில் கம்பளி வந்து சேர்ந்தது. எடை கூடிவிட்டது என்று பாய்க்கு வரவேண்டிய ஊறுகாயை எடுத்துவிட்டார்களாம். அதற்கப்புறம் பாய் சிரிக்கவில்லை.

தண்ணீர்க் குழாய் விஷயம் ஒன்று உண்டு, அது உங்களுக்குப் பிடிக்கும். அங்கே தொட்டி மொட்டை மாடியில். கோடையில் சாதாரணக் குழாயைத் திறந்தால் கை வெந்துவிடும். அதனால் கோடையில் ஹீட்டரை அணைத்துவிட்டு, வெந்நீர்க் குழாயில்தான் குளிப்போம். ஹீட்டர் தொட்டி வீட்டுக்குள்ளே நிழலில் இருப்பதால் அதில்தான் தண்ணீர் ஆறியிருக்கும். ஜனவரி வந்தால் எல்லாம் தலைகீழ். மாடித் தண்ணீர் ஜில்லென்று இறங்கும், ஹீட்டரை ஹீட்டராகவே போட வேண்டும்.

ஊரும் அப்படித்தான் மாறும். கோடையில் கதவுக்குள்ளே கிடந்த ஜனங்கள் வெளியே வந்துவிடுவார்கள். பூங்காவில் கறி சுடுகிற புகை, மணலில் கூடாரம், க்ரீக் என்கிற கடற்கழி ஓரத்தில் அப்ரா படகுக்குக் கூட்டம். எனக்கு அது சர்வீஸ் காலம். ஏசியெல்லாம் ஓய்வில் இருக்கும்போதுதான் அதன் குழாய்ச் சுருளை, அதாவது காயிலை, கழுவ முடியும், மோட்டாருக்கு பெல்ட் மாற்ற முடியும். "மிதமான குளிர், சுற்றுலாவுக்கு ஏற்றது" என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது சட்டை மேல் கோட்டு போட்டவர் எழுதின வாசகம். விடியற்காலை நாலரை மணிக்குக் கண்ணாடி சரியாக மூடாத கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய்ப் பாருங்கள். அந்த 14 டிகிரி எவ்வளவு மிதம் என்று தெரியும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை திறந்தவெளி வேலைக்குச் சட்டப்படி தடை. நல்ல சட்டம். குளிருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. மூடுபனி வேறு. அபுதாபி சாலைகளில் பனி இறங்கினால் வேகத்தை 80 கிலோமீட்டராகக் குறைத்துவிடுவார்கள்.

இனி எனக்குப் பிடித்த சங்கதி. நாங்கள் வேலை பார்த்த கட்டட உரிமையாளரின் தகப்பனார் ஒட்டகம் மேய்த்து வளர்ந்தவர். ஆகஸ்ட் கடைசியில் விடியுமுன் மொட்டை மாடிக்கு வந்துவிடுவார். தெற்கு அடிவானத்தைப் பார்த்து "சுஹைல், சுஹைல்" என்பார். அந்த நட்சத்திரம் தெரிந்த நாளிலிருந்து பத்துப் பத்து நாளாக எண்ணி, எப்போது ராத்திரி சூடு தணியும், எப்போது குளிர் வரும் என்று கணக்கு வைப்பது அரபிகளின் பழக்கம். உண்மையில் செப்டம்பரும் அங்கே வேகும், ஆனாலும் அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்துவிடும். சில்லர் என்கிற பெரிய குளிரூட்டி இயந்திரத்தின் பக்கத்தில் ஸ்பேனரோடு நின்றபடி நானும் பார்த்தேன். நம் அகத்திய நட்சத்திரம்! இரவு வானத்தில் பிரகாசத்தில் இரண்டாவது. நாமும் அதைத் தென்திசைக்காரர் என்றுதானே சொல்கிறோம்.

நீங்களும் பார்க்கலாம். ஜனவரி கடைசியில் இரவு பத்து மணி சுமாருக்கு மாடியேறி நேர் தெற்கே, கணியம்பாடி பக்கம் பாருங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. வேலூரில் அடிவானத்திலிருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில் நிற்கும். துபாயில் ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். தூசு கிளம்பினால் அதுவும் போச்சு. திரும்பவும் சொல்கிறேன்: நேர் தெற்கு, இரண்டரை முஷ்டி. நம் ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கிறார்களே, அவ்வளவு தெற்கே இருப்பதால்தான் அங்கிருந்து தென்வானமும் நன்றாக அகப்படுகிறது. காவலூரைப் பற்றித் தனியாகவே ஒரு நாள்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தான் பாக்கி. மழையைப் பற்றி நிறைய எழுதி வந்திருந்தேன். சுருக்கமாக: அங்கே குளிர்கால மழை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வருகிறது, நமக்கு வங்கக் கடல். 2024 ஏப்ரல் 16இல் பெய்ததே பெருமழை, அது குளிர்காலம் முடிந்த பிறகு. அல் அய்ன் பக்கம் ஓரிடத்தில் ஒரே நாளில் 254 மில்லிமீட்டர். வருஷம் முழுக்க 100 மில்லிமீட்டர் பார்ப்பதே பெரிது என்கிற நாட்டில்! தண்ணீர் ஓட வாய்க்கால் இல்லாத சாலைகளில் என்ன ஆகியிருக்கும் என்று 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.