நினைவு பதிய எந்த ஜீனை மூடணும்?

[காட்சி: ஏற்காடு மலைப்பாதை, வண்டியில இருந்து எடுத்தது]

சேலத்துல இருந்து ஏற்காடு ஏறணும்னா 20 கொண்டை ஊசி வளைவு. அதுல ஒண்ணுல எதிர்ல வந்த பஸ் உரசுற மாதிரி போச்சுன்னு வைங்க. அடுத்த வருஷம் அந்த வளைவு வந்ததுமே கால் தானா பிரேக்குக்குப் போயிடும். மத்த 19-ம் ஞாபகத்துல இருக்காது. இது மட்டும் எப்படிங்க பதிஞ்சுச்சு?

நினைவு நிலைக்க நியூரானுக்கு, அதாவது மூளையோட நரம்பு செல்லுக்கு, புதுப் புரதம் வேணும். அதுக்குச் சில ஜீன் திறக்கணும், சிலது மூடணும். ஜீனோட எழுத்து மாறாது, திறப்பும் மூடலும்தான் மாறும். எபிஜெனெடிக்ஸ்னா இதுதான். "உங்க டி.என்.ஏ.வையே மாத்துறோம்"னு யாராவது கோர்ஸ் வித்தா காசைப் பத்திரமா வைங்க.

[காட்சி: அம்மாப்பேட்டை தறிக்கூடம், தார் சுத்துற கை]

ஒரு செல்லுக்குள்ள கிட்டத்தட்ட 2 மீட்டர் டி.என்.ஏ. தார்க்குச்சியில நூல் சுத்துற மாதிரி ஹிஸ்டோன்ங்கற புரதத்து மேல சுத்தியிருக்கு. இறுக்கமா சுத்தின இடத்துல இருக்கிற ஜீனைப் படிக்க முடியாது. ஹிஸ்டோன்ல அசெட்டைல்ங்கற சின்ன வேதித்துண்டு ஒட்டினா சுத்து தளரும். அதைப் பிரிச்சு எடுக்கிற என்சைம்ல ஒண்ணு எச்டேக்-2. இது மிகுந்துபோன சுண்டெலிகளுக்கு நினைவு மங்குது, இல்லாத சுண்டெலிகள் நல்லாவே கத்துக்குது. அமெரிக்காவோட எம்.ஐ.டி.யில மூளை ஆய்வாளர் லி-ஹுவே சாய் குழு 2009-ல காட்டினது இது.

[காட்சி: எலி மூளை வரைபடம், ஹிப்போகாம்பஸ் மட்டும் நிறத்துல]

எனக்கு இதைவிடப் பிடிச்சது 2007-ல கோர்ட்னி மில்லர், டேவிட் ஸ்வெட்ங்கற ரெண்டு மூளை ஆய்வாளர்கள் செஞ்ச சோதனை. எலியை ஒரு பெட்டியில விட்டு லேசா ஷாக் கொடுத்தாங்க. புது நினைவு உருவாகிற மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ்ல, நினைவை அடக்குற பிபி1 ஜீன் மேல மெத்தில்ங்கற சின்ன வேதிக்குறி ஒட்டி அது மூடிக்குது. நினைவுக்கு உதவுற ரீலின் ஜீன்ல இருந்த மெத்தில் கழண்டு அது திறந்துக்குது. அதாவது, ஞாபகம் வரணும்னா மறக்க வைக்கிற ஜீன் வாயை அடைக்கணும்! மெத்தில் ஒட்டுறதை மருந்து போட்டுத் தடுத்தா, மறுநாள் அதே பெட்டியில எலி பயந்து உறையறது ரொம்பவே குறைஞ்சுபோச்சு.

ஆனா ஒரு சிக்கல். ஹிப்போகாம்பஸ்ல அந்த மெத்தில் குறி ஒரே நாள்ல அழிஞ்சிடுது. பயமோ மாசக்கணக்கா நிக்குது. அப்போ அது எங்க இருக்கு?

2010-ல அதே குழு மூளையோட முன்பக்க மேலடுக்கை, அதாவது கார்டெக்ஸைப் பார்த்தாங்க. கால்சிநியூரின்ங்கற, இதுவும் நினைவை அடக்குற ஜீன்தான், அதுமேல மெத்தில் 30 நாள் கழிச்சும் அப்படியே இருந்துச்சு. அந்த இடத்துல, அவ்வளவு நாள் கழிச்சு, மெத்தில் ஒட்டுற என்சைமைத் தடுத்ததும் பழைய பயம் குலைஞ்சுபோச்சு.